வேப்பிலை, சாம்பிராணிப் புகை போட்டால் வீட்டில் கொசு போகுமா? வேறு வீட்டு வைத்தியம் இருக்கிறதா?

போகும். புகை கலைந்ததும் திரும்பி வரும்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், தரைத்தளம். சாயந்திரம் ஐந்தரை ஆனால் என் மாமியார் கொட்டாங்குச்சியைத் தணலாக்கி, காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் ஒரு பிடி போட்டு, மேலே சாம்பிராணி தூவி, கட்டிலுக்கு அடியில் தொடங்கி பீரோ இடுக்கு வரை காட்டுவார். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் மூட்டம் போட வேண்டும் என்பார். கொசு வெளியே போக வழி வேண்டாமா? புகை முழுக்க அடங்கும் முன் சாத்திவிட வேண்டும். பலர் முதலிலேயே எல்லாவற்றையும் மூடிவிட்டு, புகைக்குள் உட்கார்ந்து இருமுகிறார்கள்.

என் மகளுக்கு வீசிங் வந்த பிறகு மூட்டத்தை நிறுத்தினோம். இலைப் புகைதானே என்று நினைக்காதீர்கள், நுரையீரலுக்கு எல்லாப் புகையும் ஒன்றுதான். கொசுவர்த்திச் சுருளும் சளைத்ததல்ல: ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது.

அப்புறம் மற்ற வைத்தியங்கள். எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைத்தேன். அதன் மேலேயே ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி கற்பூரம் போட்டதில் வீடு கோயில் மாதிரி மணந்தது, அவ்வளவுதான். (கைக்குழந்தை இருந்தால் கற்பூரமே வேண்டாம். வாயில் போட்டால் வலிப்பு வரும்.) வாசலில் நொச்சிச் செடியும் வைத்தேன். செடி நன்றாக வளர்ந்தது. வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து காலில் தேய்த்தது மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால். இவற்றையெல்லாம் விட சீலிங் ஃபேன் மேல். கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது.

விடை கிடைத்தது மொட்டைமாடியில். 2017-ல் கொசு ஒழிப்பு வேலைக்கு வந்த ஓர் அக்கா, தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிவிட்டு, "செப்டிக் டேங்க் காத்துக் குழாய்க்கு வலை கட்டலையா? பொழுது சாயும்போது வந்து பாருங்கக்கா" என்றார். அன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வாயிலிருந்து கொசு புகை மாதிரியே வந்துகொண்டிருந்தது! ராத்திரி கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீர்தான் பிறந்த வீடு. அதை நாங்களே வளர்த்துவிட்டு, கீழே மூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

பழைய நைலான் வலையை இரண்டாக மடித்துக் கம்பியால் கட்டினேன். டேங்க் மூடியின் விரிசலில் சிமெண்ட் பூசினோம். இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. வலை வெயிலில் நொறுங்கும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

டெங்கு கொசு வேறு ரகம். அது பெரும்பாலும் பகலில் கடிக்கும், அதனால் சாயந்திரம் மட்டும் போடும் புகை போதாது. நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக எட்டு, பத்து நாள் போதும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மூடாத டிரம், மொட்டைமாடியில் கிடக்கும் டயர் இவற்றை வாரம் ஒரு தடவை பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும், அடுத்த மழைக்குப் பொரித்துவிடும்.

மாமியார் இப்போதும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறார், தலைக்குக் குளித்த முடியை உலர்த்த. அந்த நேரத்தில் மகளை மாடிக்கு அனுப்பிவிடுவேன்.