இழுவைமடி, கண்டல், கடற்புல், ஆமை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆழ்கடல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதாமே. பாக்குநீரிணையில் இனி இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) நிற்குமா? (நெடுந்தீவு)

அந்த ஒப்பந்தத்தால் நிற்காது. 2026 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கும் அது, எந்த நாட்டுக்கும் உரித்தில்லாத கடலுக்கானது. பொதுவாகக் கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால்தான் செல்லும். பாக்குநீரிணையோ 1974 உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் எல்லை பிரித்துக்கொண்ட கடல். இங்கே கைகொடுப்பது 2017இல் இலங்கை கொண்டுவந்த இழுவைமடித் தடைச் சட்டம். எங்கள் படகுகளும் அதற்கு விலக்கல்ல. உங்கள் மீனவர் சங்கம் கரையோர மீளமைப்புக்கு உதவி கேட்கிறதென்றால் 2022 மொன்றியல் உயிர்ப்பல்வகைமை உடன்பாட்டைக் காட்டுங்கள்: சிதைந்த நிலம், நீர், கடற்பகுதிகளில் குறைந்தது 30 வீதத்தில் 2030க்குள் மீளமைப்பு நடக்கவேண்டும் என்பது அதன் இலக்கு.

நட்ட கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரம்) எல்லாம் வருடத்துக்குள் பட்டுப்போகிறது. பசளை போடலாமா? (அராலி)

வேண்டாம். பிழை பெரும்பாலும் நிலமட்டத்தில்தான். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் ஐந்திலொரு பங்களவே தப்பியது. பொருந்தாத இடமும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். எங்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிது, ஆகவே ஒரு சாண் உயர வித்தியாசமே கன்றை மூழ்கடிக்கும் அல்லது காயவைக்கும். பக்கத்தில் இயற்கையாய் நிற்கும் மரத்தின் அடிமட்டத்தை, மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயால் எடுத்து, அதே உயரத்தில் நடுங்கள். கன்றின் தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) அப்பியிருந்தால் இடம் தாழ்வு. மண்ணில் உப்புப் பூத்திருந்தால் மேடு. அங்கே தாங்குவேர்க் கண்டல் நிற்காது, வெண்கண்டல் ஓரளவு தாங்கும்.

நட எடுக்கும் முளைக்காய் (மரத்திலேயே முளைவிட்ட நீள விதை) தொட்டதும் கழன்று வரவேண்டும். பூச்சி துளைத்ததைக் கழியுங்கள். மூன்றிலொரு பங்கைச் சேற்றுள் இறக்கி, 1 மீற்றர் இடைவெளி விட்டு, ஐப்பசி மழையோடு நடுங்கள். ஆடு மாடு மேயாமல் இரண்டு வருடமாவது வேலி வேண்டும். வீதியோ அணையோ நீரை மறித்த இடமென்றால் நடுவதில் பயனில்லை. மதகு திறந்து ஓட்டம் வந்தால், அருகில் தாய்மரம் இருக்கும்வரை விதை தானே வந்து சேரும். கடற்புல் தரையில் மட்டும் கண்டல் நடவே கூடாது.

படகு ஓட இடைஞ்சலான கடற்புல்லை அறுக்கலாமா? (மண்டைதீவு)

தயவுசெய்து வேண்டாம். கடலட்டைக் குஞ்சு முதலில் ஒட்டுவது அந்த இலையில்தான். கடற்பசுவின் தீனியும் அதுவே. ஆழங்குறைந்த இடத்தில் இயந்திரத்தைத் தூக்கி, கம்பு ஊன்றிப் போங்கள். விசிறி வெட்டிய வேர்த்தண்டு திரும்ப மூட வருடங்கள் ஆகலாம். மார்ச் 1ஐ உலகக் கடற்புல் நாளாக 2022இல் ஐ.நா.வில் முன்மொழிந்ததே இலங்கைதான்.

வலையில் வந்த ஆமை அசையவில்லை. கடலில் விட்டுவிடவா? (குருநகர்)

உடனே விடாதீர்கள், மூழ்கிவிடும். மல்லாத்தவும் வேண்டாம். வயிறு கீழே இருக்க வைத்து, பின்பக்கத்தை 15 சென்ரிமீற்றராவது உயர்த்தினால் நுரையீரல் நீர் வடியும். நிழலில், ஈரத்துணி போர்த்தி, மூக்கை மூடாமல் 4 மணி முதல் 24 மணி நேரம் வரை பாருங்கள். உசாரானதும் இயந்திரத்தை நியூட்ரலில் போட்டு, வலையில்லாத பக்கமாக, தலை முன்னே போக மெல்ல இறக்குங்கள்.