பிளானுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: காட்பாடியில் புதிதாக அலுவலகம் திறந்திருக்கும் ஆர்க்கிடெக்ட் நான். குடியாத்தம் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையில் ஆலயம் கட்டக் கேட்கிறார்கள். கமிட்டியில் 9 பேர். செயலாளர் செல்போனில் இரட்டைக் கோபுரப் படம் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறார். மூன்று முறை பிளானை மாற்றியாகிவிட்டது. அவர்களை எப்படி வழிநடத்துவது?

பதில்: நான்காவது பிளானை இப்போது வரையாதீர்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முழுக்க அங்கே போய் உட்காருங்கள். அப்புறம், அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் ஒரு திருவிருந்து ஞாயிறும். யார் பாயில் உட்காருகிறார்கள், யாருக்கு நாற்காலி வேண்டும், கைக்குழந்தை அழுதால் தாய் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார், செருப்பு எங்கே குவிகிறது என்று குறித்துக்கொண்டு கமிட்டியில் வாசித்துக் காட்டுங்கள். படத்தை விட்டுத் தங்கள் சபையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியதும் அந்தப் பேச்சுதான்.

பிளானைப் படிப்பது எல்லாருக்கும் கைவராது. மனையில் கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கோடு போடுங்கள். ஆளுக்கு 20 அங்குலம், வரிசைக்கு வரிசை 3 அடி என்று நாலு வரிசை உட்காரச் சொல்லுங்கள். நடுப்பாதையை 4 அடி விட்டு, பிரேதப் பெட்டி தூக்குவது போல ஆறு பேரை நடக்கவிடுங்கள். இடிக்கும். 6 அடி வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். நான் கோடு போட்ட ஒரு மனையில், வயதான அம்மா ஒருவர் பீடத்துக்கு முன் முழங்காலிட்டுப் பார்த்துவிட்டு, "எழுந்திருக்க எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். அந்த ஆலயத்தில் கைப்பிடிக் கம்பி வந்தது அவரால்தான்.

பீடத்தைக் கிழக்கே வைத்தால் அதன் பின்னால் பெரிய ஜன்னல் வேண்டாம். காலை ஆராதனையில் வெயில் சபையின் கண்ணில் அடிக்கும், ஆயர் முகம் இருட்டாகத் தெரியும். வேலூர் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்; ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் கொடுங்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் 1846-இல் கட்டிய புனித யோவான் ஆலயத்துக்குக் கமிட்டியைக் கூட்டிப்போய் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். இரட்டைக் கோபுரம் இல்லாமலே ஆலயம் ஆலயமாக இருப்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

பணம் காணிக்கையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். கையில் இருப்பது எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கோபுரம் கடைசியில் எழும்பட்டும். அதன் அஸ்திவாரத்தை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். எழுந்த சுவரை ஒட்டிப் பிறகு பள்ளம் தோண்டுவது ஆபத்து.

வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதையும், மனைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

உங்களோடு பேச ஒருவரை மட்டும் நியமிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தின் முடிவுகள் மினிட்ஸில் ஏறி, ஆயர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போடட்டும். நான்காவது பிளான் அதற்கு அப்புறம்.