பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

2024 பிப்ரவரியில் மிச்சிகனில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். ஒருநாள் காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்ததும் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "யாருக்கும் இல்லை மாமா" என்றார். 2020இல் பைடனுக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர் இவர். நம்மூர் நோட்டா மாதிரியா என்றால் அதுவும் இல்லையாம். சொந்தக் கட்சிக்குள்ளேயே இப்படி அடித்துக்கொண்டால் லாபம் எதிரிக்குத்தானே? கடைசியில் டிரம்ப்தானே வந்தார்? நம்மூரில் தலைமை ஒருவரை அறிவித்தால் அதோடு பேச்சு முடிந்தது. இதை எப்படித்தான் புரிந்துகொள்வது?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மருமகன் சொன்னது சரி. அது நோட்டா இல்லை. நோட்டா போடுகிறவர் கல்யாணத்துக்கே வராதவர். உங்கள் மருமகன் வந்தவர். மொய்க்கவரையும் கொண்டுவந்துவிட்டு, உள்ளே போகாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மாமன் அவர். யாராவது வந்து கையைப் பிடித்து அழைக்க வேண்டும். அழைப்பார்களா என்று பார்க்கத்தான் நிற்கிறார்.

அந்த வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். மிச்சிகனில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை. ஆனால் அதிபர் பிரைமரி, அதாவது கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முன்தேர்தல் அன்று, எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று விண்ணப்பத் தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும். ஜனநாயகக் கட்சிச் சீட்டில் அன்று பைடன், டீன் பிலிப்ஸ், மரியான் வில்லியம்சன் என்று மூன்று பெயர்கள். கூடவே 'யாருக்கும் உறுதி தரவில்லை' என்று ஒரு வரி, பக்கத்தில் நிரப்புவதற்கு ஒரு நீள்வட்டம். அதை நிரப்புகிறவர் 'நான் இந்தக் கட்சிக்காரன்' என்று முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நிரப்புகிறார். காஸா போரில் பைடன் நடந்துகொண்ட விதத்தில் கொதித்துப்போனவர்கள் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டார்கள். 10,000 வாக்கு வந்தால் போதும் என்பதுதான் அமைப்பாளர்கள் வெளியே சொன்ன இலக்கு. 2016இல் டிரம்ப் மிச்சிகனை வென்ற வித்தியாசம் 10,704. கணக்குத் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள்.

வந்தது ஒரு லட்சத்துக்கும் மேல். பதிவான வாக்கில் சுமார் 13 சதவீதம்.

இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. 2012இல் எதிர்ப்பே இல்லாமல் நின்ற ஒபாமாவுக்கு எதிராகவும் இதே வரியில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தது. ஆனால் அது 20,000 சொச்சம் வாக்கு, மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்த முணுமுணுப்பு. 2024இல் முணுமுணுப்புக்கு முகவரி இருந்தது. டெட்ராய்ட்டை ஒட்டிய டிபார்ன், ஃபோர்டு கம்பெனியின் ஊர். மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரபு வம்சாவளியினர். அங்கே அன்றைக்குப் பைடனைவிட அந்தப் பெயரில்லாத வரிக்கே அதிக வாக்கு.

சரி, இத்தனை வாக்குக்குக் கிடைத்தது என்ன? வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்கு மிச்சிகன் அனுப்பும் 117 பிரதிநிதிகளில் இரண்டே இரண்டு பேர். 15 சதவீதம் தாண்டினால்தான் பங்கு என்பது கட்சி விதி. மாநில அளவில் அது எட்டவில்லை, தொகுதி அளவில் தாண்டிய இடத்தில்தான் இந்த இரண்டு பேர். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டுக்கு, மற்ற மாநிலங்களில் இதே வழியில் தேர்வானவர்களோடு சேர்ந்து போனார்கள். அதற்குள் ஜூலை 21 அன்று பைடன் விலகிவிட்டார். வேட்பாளர் கமலா ஹாரிஸ். அந்த ஆண்டு எந்தப் பிரைமரியிலும் போட்டியிடாதவர். இவர்கள் கேட்டது, மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கர் சில நிமிடம் பேச வேண்டும் என்பது. பேசுவதற்கு ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரையும் சொன்னார்கள். ஹாரிஸை ஆதரித்தே பேசத் தயாராக இருந்தவர் அவர். முடியாது என்றது கட்சி. பிரதிநிதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரங்கத்துக்கு வெளியே நடைபாதையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமனை யாரும் கூப்பிடவில்லை. கட்சி செய்த பிழைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். செலவே இல்லாத சமாதானம் அது.

நவம்பரில் டிபார்னில் டிரம்ப் முதலிடம். 2020இல் பைடனுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடுத்த ஊர் அது! ஹாரிஸ் இரண்டாமிடம். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு டிரம்ப் அந்த ஊர் உணவகம் ஒன்றுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார். காஸா பற்றி அவரிடம் இவர்களுக்குச் சாதகமாக என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். வந்தார், அவ்வளவுதான்.

அதற்காக ஹாரிஸின் தோல்வியை இவர்கள் தலையில் கட்டவும் முடியாது. மிச்சிகனில் வித்தியாசம் சுமார் 80,000. இழுபறி மாநிலங்கள் என்று சொல்லப்பட்ட ஏழும் டிரம்ப் பக்கம் போயின. விலைவாசி டிபார்னில் மட்டும் ஏறவில்லையே.

உட்பூசல் எதிரிக்கு லாபம் என்கிறீர்கள். 1976இல் அதிபர் ஃபோர்டைச் சொந்தக் கட்சியின் ரீகனே எதிர்த்தார், 1980இல் கார்ட்டரை டெட் கென்னடி எதிர்த்தார், 1992இல் மூத்த புஷ்ஷை பாட் புக்கானன் எதிர்த்தார். பதவியில் இருந்த மூவருமே நவம்பரில் தோற்றார்கள். ஆனால் கிணறு வற்றியதற்கு வாளியைக் குறை சொல்ல முடியுமா? 2008ஐயும் பாருங்கள். ஒபாமாவும் ஹிலாரியும் ஜூன் வரை மல்லுக்கட்டினார்கள், கட்சி ஜெயித்தது. குடியரசுக் கட்சிக்குள் டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி 2024 மார்ச்சிலேயே விலகிவிட்டார். மே மாதம் இண்டியானாவில் அவர் பெயருக்கு ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. அப்படிப் போட்டவர்கள் நவம்பரில் கட்சியை விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். டிரம்ப்பைக் கவிழ்க்கும் அளவுக்கு அது நடக்கவில்லை.

தலைமை அறிவித்தால் முடிந்தது என்ற ஏற்பாட்டை அவர்களும் வைத்திருந்தவர்கள்தான். 1968 மார்ச்சில், வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷயரில் 42 சதவீதம் வாங்கினார். பதவியில் இருந்த ஜான்சனே அந்த மாத முடிவில் போட்டியிலிருந்து விலகினார். அதே போட்டியில் இருந்த ராபர்ட் கென்னடி ஜூனில் சுடப்பட்டார். கடைசியில் ஒரு பிரைமரியில்கூட நிற்காத துணை அதிபர் ஹம்ஃப்ரியைக் கட்சிப் பெரியவர்கள் வேட்பாளராக்கினார்கள். அதுவும் சிகாகோதான். வெளியே போலீஸ் தடியடி, நவம்பரில் நிக்ஸன். அதற்குப் பிறகுதான் விதிகளைத் திருத்தி, 1972 முதல் பிரைமரிக்குப் பல் முளைத்தது.

நியூயார்க் கதை ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே கட்சியில் பதிந்தவருக்கு மட்டும்தான் பிரைமரியில் ஓட்டு. 2016 ஏப்ரலில் நடக்கும் பிரைமரிக்கு முந்தின அக்டோபரிலேயே கட்சி மாறிப் பதிந்திருக்க வேண்டும். டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் கெடுவைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள்.

அப்புறம், மருமகன் நவம்பரில் யாருக்குப் போட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்கவும் வேண்டாம். அடுத்த அதிபர் பிரைமரி 2028இல். அப்போது அங்கே இருந்தால் அவரோடு சாவடி வரை போய்விட்டு வாருங்கள். வாசலில் அந்த விண்ணப்பத் தாளைக் கொடுப்பார்கள். எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று குறிக்கும் இடத்தில் அவர் பேனா எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.