பாதி தருவதாகச் சொன்ன காப்பீடு ஏன் பாதி தருவதில்லை?

கேள்வி: கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்து, அதன்மேல் உறை போட வேண்டும் என்கிறார் மருத்துவர். பல் காப்பீடு எடுத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. செலவில் பாதியை நிறுவனம் ஏற்கும் என்று பாலிசியில் இருக்கிறது. ஆனால் இதே சிகிச்சைக்கு என் தோழிக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. எதை நம்பிச் சிகிச்சையைத் தொடங்குவது?

பதில்: உங்கள் தோழிக்குக் கிடைத்தது பெரும்பாலும், அந்தச் சிகிச்சைக்கு நிறுவனம் தானே வகுத்து வைத்திருக்கும் கட்டணத்தில் பாதியாக இருக்கும். மருத்துவர் 1,000 கேட்கிறார், நிறுவனத்தின் கணக்கில் அதே சிகிச்சைக்கு 700தான், அதிலும் முதல் 100 உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியுள்ள 600இல் பாதியாக 300 வரும், 700 உங்கள் கையிலிருந்து போகும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவராக இருந்தால், பொதுவாக அவர் 700க்கு மேல் வாங்க மாட்டார் என்பதால் உங்கள் பங்கு 400ஆகக் குறையும்.

உங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது அந்த ஐந்து மாதக் கணக்கு. பல பாலிசிகளில் உறை, இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் பாலம் போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் செய்தால் ஒன்றும் கிடைக்காது. வேர் சிகிச்சையைச் சில நிறுவனங்கள் பெரிய சிகிச்சையாகவும் சில சாதாரணச் சிகிச்சையாகவும் வகைப்படுத்துவதால், உங்கள் பாலிசியில் அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். வலியோ சீழோ இருந்தால் காப்பீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல் உறையின்றி நெடுநாள் இருந்தால் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும். பிறகு பல்லையே எடுக்க நேரும்.

பில்லில் எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, பல்லின் உட்பகுதியை மீண்டும் கட்டி நிரப்புவது, உறை ஆகியவை தனித்தனி வரிகளாக வரும். கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று நான்கு வேர்க்கால்வாய்களைச் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால்தான் முன்பல்லைவிட அதற்குச் செலவு கூடுகிறது. உறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: பல் நிறத்தில் செராமிக் உறை போட்டுக்கொண்டாலும், வெளியே தெரியாத பல் என்பதால் உலோக உறைக்கான தொகையை மட்டுமே தரும் பாலிசிகள் இருக்கின்றன.

ஆகவே சிகிச்சைத் திட்டத்தையும் எக்ஸ்ரேயையும் மருத்துவமனை வழியாகவே நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லி, எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதமும் முழு உத்தரவாதம் ஆகாது. ஓராண்டில் நிறுவனம் மொத்தமாகத் தரும் உச்சத் தொகையான ஆண்டு வரம்பு இடையில் வேறு சிகிச்சைக்குத் தீர்ந்துவிட்டால் தொகை குறையும். என் கருத்தில், பல் காப்பீட்டின் பெரிய குறையே இந்த ஆண்டு வரம்புதான். வழக்கமான பரிசோதனைக்குத் தாராளமாகத் தரும் பாலிசி, செலவு எகிறும்போது ஒரு கட்டத்தோடு நின்றுவிடுகிறது.

கேள்வி: காப்பீடு எடுப்பதற்கு முன்பே ஒரு பல்லை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இம்பிளான்ட் வைத்தால் பணம் கிடைக்குமா?

பதில்: காப்பீடு தொடங்கும் முன்பே இழந்த பல்லுக்கு மாற்று வைத்தால் பணம் தருவதில்லை என்ற விதி பல பாலிசிகளில் இருக்கிறது, விதிவிலக்குகள் என்ற பகுதியில் தேடுங்கள். அந்த விதி இல்லாவிட்டாலும், எலும்பில் பொருத்தும் திருகு, அதன்மேல் வரும் இணைப்பு, உறை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். உறைக்கு மட்டும் தந்துவிட்டுத் திருகுக்குக் கைவிரிக்கும் நிறுவனங்களும் உண்டு.