பழைய சட்ட ஆவணங்களுக்கு மார்க்டவுன் போதுமா?

கேள்வி: பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் ஸ்கேன் செய்து ஓசிஆர் மூலம் எழுத்தாக மாற்றி வருகிறோம். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, உட்பிரிவுகளின் அடுக்கு எல்லாம் வழியில் தொலைந்துவிடுகின்றன. வேர்டு கோப்பாக வைத்தால் ஆளுக்கு ஒரு விதமாக வடிவமைக்கிறார்கள். மார்க்டவுன் போன்ற எளிய குறியீடு போதுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பெரும்பாலான வேலைக்குப் போதும். தலைப்பு, தடிமன் போன்றவற்றை #, * போன்ற குறிகளால் காட்டும் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும், யார் எதை மாற்றினார்கள் என்று வரிக்கு வரி ஒப்பிடலாம், பேன்டாக் போன்ற கருவியால் பிறகு வேர்டாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன், வலையில் எழுதுபவர்களுக்காகச் செய்யப்பட்டது. சட்ட வாசகத்தை மனதில் வைத்து அல்ல. சிக்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

முதல் சிக்கல் எண்கள். வரித் தொடக்கத்தில் ஓர் எண்ணும் புள்ளியும் வந்தால் மார்க்டவுன் அதைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். பட்டியலின் முதல் எண்ணை மட்டுமே பார்க்கும், மற்றவற்றைத் தானே வரிசையாகப் போட்டுவிடும். மார்க்டவுனைத் திரை வடிவத்துக்கு மாற்றும் பழைய செயலிகள் சிலவற்றில் முதல் எண்கூடத் தப்பாது, எப்போதும் 1இல்தான் தொடங்கும். ஒரு சட்டத்தில் பிரிவு 3 நீக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 1, 2, 4, 5 என்று சரியாகத் தட்டச்சு செய்திருப்பீர்கள். திரையில் 1, 2, 3, 4 என்று வரும். பார்க்க அழகாக இருக்கும், மெய்ப்பு பார்ப்பவர் கண்ணில் படாது. ஆனால் பிரிவு 4ஐ மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பும் இப்போது வேறு பிரிவைச் சுட்டும்.

சட்டத்தில் எண் அலங்காரம் அல்ல, வாசகத்தின் ஒரு பகுதி. அதைக் கணினி உருவாக்க விடவே கூடாது. எண்ணின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகள் இட்டுத் தடித்த எழுத்தாக்கிவிட்டால் பட்டியல் ஆகாது:

**4.** உரிமம் பெற்றவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

தடிமன் வேண்டாம் என்றால் புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு: 4\. என்று. இங்கே ஒரு நுணுக்கம். மேலே உள்ளதில், மூடும் நட்சத்திரக் குறிகளுக்குப் பிறகு இடைவெளி கட்டாயம். புள்ளியிலோ அடைப்புக்குறியிலோ முடியும் சொல்லை அடுத்த எழுத்தோடு ஒட்டி எழுதினால், இன்று பல செயலிகள் பின்பற்றும் காமன்மார்க் என்ற பொது வரையறையின் விதிப்படி தடிமன் வேலை செய்யாது, நட்சத்திரங்கள் அப்படியே திரையில் நிற்கும்.

(அ), (ஆ) போன்ற உட்பிரிவுகளில் தலைகீழ்ச் சிக்கல். அடிப்படை மார்க்டவுனுக்கு அவை பட்டியலாகத் தெரியாது. அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் எல்லாம் ஒரே பத்தியாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள். அடுக்கு தெரியட்டும் என்று இடப்பக்கம் இடைவெளி விட்டு உள்ளே தள்ளாதீர்கள். வெற்று வரிக்குப் பின் நான்கு இடைவெளி விட்டால் அந்தப் பகுதியை நிரல் என்று எண்ணிப் பெட்டிக்குள் போட்டுவிடும். (1), (அ), (i) என்ற எழுத்துகளே அடுக்கைச் சொல்லிவிடுகின்றன, அது போதும்.

வேறு சில குறிகளும் மோதும். விடுபட்ட பகுதியைக் காட்டச் சட்ட நூல்களில் * * * போடும் வழக்கம் உண்டு, அது படுக்கைக் கோடாக மாறிவிடும். திருத்தத்தைக் காட்டும் சதுர அடைப்பை ஒட்டி ஒரு வளைவு அடைப்பு வந்தால் இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து பின்சாய்வுக்கோடுதான்.

நீக்கப்பட்ட வாசகத்துக்கு ~~ போட்டுக் குறுக்குக்கோடு இடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். அது எல்லாச் செயலிகளிலும் இல்லை. அதைவிட முக்கியம், யாராவது அதை நகலெடுத்து வேறிடத்தில் வெறும் எழுத்தாக ஒட்டினால் கோடு போய்விடும், செத்துப்போன விதி உயிரோடு நிற்கும். நீக்கப்பட்டது என்பதைச் சொல்லாகவே எழுதுங்கள். அது மூல ஆவணத்தின் சொல் அல்ல, உங்கள் குறிப்பு என்பது தெரிய ஒரே மாதிரியான அடையாளம் வைத்து, அதைக் கோப்பின் தலையில் விளக்கிவிடுங்கள்.

சாய்வெழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவமே கிடையாது, உலாவி எழுத்தைச் சும்மா சரித்துக் காட்டும். வழக்கின் பெயர், வலியுறுத்திய சொல் என்று மூலத்தில் பொருளோடு சாய்த்திருந்தால் மட்டும் குறியிடுங்கள். தலைப்புகளுக்கு நேர்மாறு: தடித்த எழுத்தைத் தலைப்பாகப் பயன்படுத்தாமல், சட்டத்தின் பெயருக்கு #, அத்தியாயத்துக்கு ##, பிரிவுத் தலைப்புக்கு ### என்று ஒழுங்காகப் போடுங்கள். பொருளடக்கம் தானாக வரும், திரைவாசிப்பான் கொண்டு படிப்பவர்களும் நேராக வேண்டிய பிரிவுக்குப் போவார்கள்.

அப்புறம் அடிக்குறிப்பு எண்கள். மூலத்தில் "பிரிவு 12³" என்று இருப்பதை ஓசிஆர் "பிரிவு 123" என்று தரும். எழுத்துப்பிழை திருத்தி இதைக் கண்டுபிடிக்காது, ஸ்கேனை அருகில் வைத்து எண்களை மட்டும் ஒருமுறை தனியாகச் சரிபார்க்கத்தான் வேண்டும். பிறகு [^3] என்று குறியிடலாம். அடிப்படை மார்க்டவுனில் இந்த வசதி இல்லை, பேன்டாக்கில் உண்டு. தீர்ப்புகளைப் பக்க எண் சொல்லி மேற்கோள் காட்டுவார்கள் என்பதால், மூலத்தின் பக்கம் மாறும் இடத்தையும் குறித்துவையுங்கள்.

குறிப்பிட்ட ஒரு தேதியில் இந்தப் பிரிவு எப்படி இருந்தது என்று தேட வேண்டும், சட்டங்களுக்கு இடையிலான சுட்டுகளைக் கணினியே தொடர வேண்டும் என்றால் மார்க்டவுன் தாங்காது. அதற்குச் சட்ட ஆவணங்களுக்கென்றே உள்ள அகோமா ந்டோசோ என்ற எக்ஸ்எம்எல் வடிவம் இருக்கிறது, 2018இல் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். இப்போது எண்களையும் தலைப்புகளையும் ஒரே சீராக வைத்திருந்தால், பின்னால் அதற்கு மாற்றும் வேலையில் பெரும்பகுதியை ஒரு சிறு நிரலே செய்துவிடும்.