உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் யார் ஜெயிப்பார் என்று எதை வைத்துக் கணிக்கிறார்கள்?

கிராஸ் கன்ட்ரி என்றால் மைதானத் தடத்தை விட்டுவிட்டு புல், சேறு, மேடு பள்ளம் என்று ஓடுவது. உலகப் போட்டியில் சீனியர்களுக்குச் சுமார் 10 கிலோமீட்டர்.

கணிக்கும்போது பலரும் முதலில் பார்ப்பது மைதானத் தடத்தில் ஓடிய 10,000 மீட்டர் நேரத்தைத்தான். அது பாதிக் கதை. தார் ரோட்டில் விறுவிறுவென்று நடப்பவர் ஈர வரப்பில் தடுமாறுவதில்லையா, அதே சங்கதிதான். சேற்றில் ஒவ்வொரு அடியும் உந்துவிசையைத் தின்றுவிடும். மேடு ஏறி இறங்கினால் ஒரே சீரான வேகமும் கிடைக்காது. 2019இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஒரு அருங்காட்சியகத்தின் புல் வேய்ந்த கூரை மேலேயே ஓட விட்டார்கள்!

அதனால் ஓடுபாதை, வெயில், இதே போட்டியில் பழைய அனுபவம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ 2023, 2024 இரண்டிலும் வென்றார். பெண்களில் கென்யாவின் பியட்ரிஸ் செபெட்டும் அப்படியே. இப்படிப்பட்டவர்களை முன்வரிசையில் வைப்பது நியாயம்தான். ஆனாலும் உத்தரவாதம் கிடையாது. 2017இல் சொந்த நாடான உகாண்டாவின் கம்பாலாவில் முன்னணியில் ஓடிய ஜோஷுவா செப்டேகெய் கடைசிச் சுற்றில் துவண்டு 30ஆவதாக வந்தார். 2023இல் எத்தியோப்பியாவின் கிடே எல்லைக்கோடு தெரியும் தூரத்தில் விழுந்தார். தங்கம் செபெட்டுக்குப் போனது.

அப்புறம், தனிநபர் தங்கம் வாங்கிய நாட்டுக்கே அணித் தங்கமும் என்று நினைக்காதீர்கள்: ஒவ்வொரு நாட்டிலும் முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டி, குறைந்த எண்ணுக்குத்தான் பரிசு. கிப்லிமோ வென்ற அந்த இரண்டு முறையும் ஆண்கள் அணித் தங்கம் கென்யாவுக்கு.