கல்யாணத்துக்குள் பல் வெளுக்குமா?

கேள்வி: எனக்கு 25 வயது. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். சின்ன வயதிலிருந்தே முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. மற்ற பற்களும் மஞ்சளாகத்தான் இருக்கும். தை மாதம் கல்யாணம், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அம்மா உமிக்கரியால் தேய்க்கச் சொல்கிறார். எலுமிச்சையும் சோடா உப்பும் போதும் என்று யூடியூபில் பார்த்தேன். தோழி ஆன்லைனில் பல்லில் ஒட்டி வெளுக்கவைக்கும் பட்டை வாங்கியிருக்கிறாள். கிளினிக்கில் ஒரே நாளில் வெளுத்துத் தருவார்களாமே, பல் கூச்சம் வருமா? நான் எதைச் செய்வது?
(பெயர் வேண்டாம்)

பதில்: நீங்கள் ஊரைக் குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய தண்ணீரை எட்டு வயதுக்குள் குடித்து வளர்ந்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல், அதாவது வெளி ஓடு, சரியாக இறுகுவதில்லை. முளைக்கும்போதே வெள்ளைத் திட்டுகளோடு வரும், பிறகு அவை பழுப்பேறும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்குள் உங்கள் முன்பற்கள் முளைத்து முடிந்திருக்கும். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் கோடுகள் பெரும்பாலும் இந்த வகைதான். அப்படியென்றால் அது அழுக்கு இல்லை. நீங்கள் பல் தேய்த்ததிலும் குறை இல்லை. இதை அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

உமிக்கரி விஷயத்தில் அம்மாவோடு சண்டை வேண்டாம், ஆனால் கேட்கவும் வேண்டாம். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். நெல் உமியில் சிலிக்கா அதிகம், மணலில் இருக்கிற அதே பொருள். மேலே படிந்த டீக்கறையை அது எடுக்கும், கூடவே எனாமலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். எனாமல் தேயத் தேய உள்ளே இருக்கிற டென்டின் தெரியும். அதன் நிறமே மஞ்சள். ஆக, வெள்ளைக்காகத் தேய்த்து மஞ்சளை வெளியே கொண்டுவந்ததுதான் மிச்சம். இப்போது கறுப்பு ட்யூப்களில் விற்கும் சார்கோல் பேஸ்ட்டும் இதே கதைதான், விலை மட்டும் அதிகம்.

எலுமிச்சை இன்னும் மோசம். அந்தப் புளிப்பு எனாமலைக் கரைக்கும். சோடா உப்பைச் சேர்த்ததும் பொங்குகிறதே, அது வெறும் கார்பன் டை ஆக்சைடு. நுரை வருவதைப் பார்த்து கறை போகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, உண்மையில் வெளுக்க வைப்பது எது? பெராக்சைடு. அது எனாமலுக்குள் புகுந்து நிறப்பொருளைச் சிதைக்கிறது. ஆன்லைன் பட்டையிலும் கிளினிக்கிலும் பெரும்பாலும் இதுதான், அளவுதான் வேறு. தோழி வாங்கிய பட்டையில் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளதை நேராகக் கடையில் விற்க முடியாது. 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாகத்தான், அதுவும் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இது. முதலில் ஒரு பல் மருத்துவரிடம் கிளீனிங் செய்துகொள்ளுங்கள். கிளீன் செய்தால் பல் ஆடும் என்பார்கள், நம்பாதீர்கள். ஈறோரம் கெட்டியாகப் படிந்திருந்த காரை போனதும் பல்லிடையே இடைவெளி தெரியும், அவ்வளவுதான். நிறைய பேருக்கு மேலே படிந்த மஞ்சள் இதிலேயே போய்விடும். அப்புறம், 16 செயற்கைப் பற்களை வரிசையாகக் கோத்த ஒரு சட்டத்தை உதட்டருகே பிடித்து உங்கள் நிறம் எது என்று குறித்துக்கொள்வார். பிறகு எத்தனை படி மாறியது என்பதற்கு அதுதான் சாட்சி.

உங்களுக்கு மூன்று மாதம் இருப்பதால் ஒரே நாள் வைத்தியம் தேவையில்லை. பற்களுக்கு அச்சு எடுத்து மெல்லிய உறை செய்து தருவார்கள். அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு (பெராக்சைடின் மெதுவான வகை) ஜெல்லைப் பல் ஒன்றுக்கு நெல்மணி அளவு விட்டு, இரவில் மாட்டிக்கொண்டு தூங்கலாம். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இங்கே கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்துப் போடுவது 25 முதல் 40 சதவீதம் வரையான ஹைட்ரஜன் பெராக்சைடு. ஈறில் பட்டால் சுடும் என்பதால் மறைப்புப் போட்டுத்தான் செய்வார்கள். நீல விளக்குக்காகத் தனியே காசு கொடுக்காதீர்கள், அதனால் கூடுதல் பலன் நிற்பதில்லை. அன்றைக்குப் பளிச்சென்று தெரிவதில் ஒரு பங்கு பல் உலர்ந்துபோனதால் வருவது, சில நாளில் தணியும். அதனால் எந்த வழியானாலும் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

கூச்சம் வரும். ஐஸ் தண்ணீர் சுரீரென்று இழுக்கும், நிறுத்திய சில நாளில் தானே போகும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை வெளுக்கத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பயன்படுத்துங்கள். தாங்க முடியாவிட்டால் ஒரு இரவு விட்டு ஒரு இரவு போடலாம். சொத்தை இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். முன்பல்லில் ஏற்கெனவே அடைத்தது இருந்தால் அது வெளுக்காது, நிறம் ஒட்டாமல் தனியே தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு தொடரலாம் என்று வைத்தால், கர்ப்பமாக இருக்கும்போது வேண்டாம்.

வெளுப்பதால் பழுப்புக் கோடுகள் மட்டும் முழுசாகப் போகாது. அதற்கு மைக்ரோ அப்ரேஷன் என்று ஒரு முறை உண்டு. லேசான அமிலக் கலவையால் எனாமலின் மேல்தோலை மட்டும் மருத்துவர் கையால் நீக்குவார். ஏறக்குறைய ஒரு முடியின் தடிமன் அளவுக்குத்தான் போகும். மேலாகப் படிந்த கறைக்கு இது நன்றாக வேலை செய்யும். முதலில் இது, பிறகு வெளுப்பது என்ற வரிசை உங்களுக்குப் பொருந்தலாம். வெளுக்கும்போது முதல் சில நாள் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரியும். பயந்து பாதியில் விடாதீர்கள், சுற்றியிருக்கும் பல் வெளுத்ததும் அடங்கும்.

முதல் நாளே யாராவது வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய செயற்கை ஓடு) ஒட்டலாம் என்றால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். பெரும்பாலும் பல்லைச் சீவித்தான் ஒட்டுவார்கள், சீவிய எனாமல் திரும்ப வராது, பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டியிருக்கும். குழி விழுந்த, உதிர்கிற பற்களுக்கு அது சரி. கோடு மட்டும் இருக்கும் 25 வயதுப் பல்லுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.